குனாஃபாவுல இருந்த சீஸ் எங்க போச்சு?

துபாய் சாக்லேட் 2024 முழுக்க ரீல்ஸ்ல ஓடுன ஓட்டம் உங்களுக்கே தெரியும். உடைச்சா பச்சையா பிஸ்தா கிரீம் வழியும், உள்ள நூல் நூலா மொறுமொறுன்னு ஒண்ணு இருக்கும், அந்த நூலைக் காட்டித்தான் "குனாஃபா சாக்லேட்"னு நம்ம ஊரு பேக்கரி வரைக்கும் போர்டு வெச்சுட்டாங்க. ஆனா பாலஸ்தீன்ல நாப்லஸ்காரங்க கிட்ட போய் இதான் குனாஃபான்னு சொல்லிப் பாருங்க, ஒத்துக்கவே மாட்டாங்க. அவங்களுக்கு குனாஃபான்னா முதல்ல சீஸ். அது சூடா இருக்கணும், இழுத்தா இழுபடணும், மேல ஊத்தின பாகு காயாம இருக்கணும். சாக்லேட்டுக்குள்ள சீஸும் இல்ல, பாகும் இல்ல, சூடும் இல்ல. மிச்சம் இருக்கறது வெறும் நூல்.

இதை ஏமாத்து வேலைன்னு சொல்ல வரல. மாசக்கணக்குல கடை அலமாரில இருக்க வேண்டிய ஒரு பொருளுக்குள்ள ஈரமான சீஸை வைக்க முடியாது, அவ்வளவுதான். ஆனா இந்த ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டா அரபு இனிப்புகளோட பாதி கதை புரிஞ்சிடும். கெடாதது ஊர் ஊராப் போய் பேர் வாங்கிச்சு, கெட்டுப்போறது பிறந்த ஊர்லயே இருந்துச்சு. வெளிய இருந்து பாக்கற நமக்கு அரபு ஸ்வீட்னா பக்லாவா டப்பாதான் ஞாபகம் வருது, அங்க உள்ளவங்க உயிரைக் குடுத்து சாப்பிடறது பெரும்பாலும் டப்பாவுல வராத ஐட்டங்கள்தான்.

சரி, முதல்ல அந்த டப்பாவையே எடுத்துக்கலாம். கல்ஃப்ல இருந்து லீவுக்கு வர்றவங்க பேரீச்சம்பழம், பால் பவுடரோட சேர்த்துக் கொண்டு வர்ற அந்த தகர டப்பா. ஃப்ரிட்ஜ்ல வைக்காமலே ரெண்டு வாரம் தாராளமா நிக்கும். ஏன்னா அதுக்குள்ள தண்ணியே ரொம்ப கம்மி. கண்ணாடி மாதிரி மெல்லிசா தேய்ச்ச மாவுத்தாளை அடுக்கடுக்கா வெச்சு, நடுவுல பிஸ்தாவோ வால்நட்டோ தூவி, மேல நெய்யை ஊத்தி அவன்ல வெப்பாங்க. வெண்ணெய் ஊத்த மாட்டாங்க, ஏன்னா வெண்ணெய்ல தண்ணியும் பால் திப்பியும் இருக்கும், தண்ணி தாளை நமத்துப்போக வெச்சிடும், திப்பி கருகிடும். நெய்ல ரெண்டும் கிடையாது. ஒவ்வொரு தாளுக்கும் நெய் கோட்டிங் விழுந்துட்டா அப்புறம் பாகு ஊத்தினாலும் உள்ள ஊறுமே தவிர கொழகொழன்னு ஆகாது. பாகுல சர்க்கரை அளவு அதிகம், அதனால பூஞ்சைக்குத் தேவையான தண்ணி அங்க கிடைக்காது. நம்ம அதிரசம் நாள்கணக்குல நிக்கறதும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

பாகு விஷயத்துல அவங்களுக்கு ஒரு கறாரான ரூல் இருக்கு. பலகாரம் சூடா இருந்தா பாகு ஆறியிருக்கணும், பலகாரம் ஆறியிருந்தா பாகு சூடா இருக்கணும். ரெண்டும் சூடா இருந்தா தாள் நமத்துடும், ரெண்டும் ஆறிப்போயிருந்தா பாகு உள்ள இறங்காம மேலயே நிக்கும். ரெண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணி, சில சொட்டு எலுமிச்சை, ஒரு கம்பிப் பதம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே இறக்கிடுவாங்க. எலுமிச்சை போடறது புளிப்புக்கு இல்ல, அந்த அமிலம் சர்க்கரையில ஒரு பகுதியை உடைச்சு குளுக்கோஸ், ஃப்ரக்டோஸா மாத்திடும், அப்புறம் பாகு திரும்ப கல்கண்டாட்டம் பூத்துப் போகாது. அடுப்பை அணைச்ச பிறகுதான் ஆரஞ்சுப்பூ தண்ணியோ பன்னீரோ சேர்ப்பாங்க, கொதிக்கும்போது ஊத்தினா வாசனை முழுக்க ஆவியாப் போயிடும். நல்ல கடைக்கும் சுமாரான கடைக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இந்த பாகுலதான். டமாஸ்கஸ் பக்கம் நல்ல கடைகள்ல பாகு ஒரு பூச்சாத்தான் இருக்கும், கை பிசுபிசுக்காது.

பக்லாவா யாரோடதுங்கற சண்டை பெரிய சண்டை, துருக்கிக்காரங்க, கிரேக்கர்கள், அரபுக்காரங்க எல்லாருமே எங்களோடதும்பாங்க. இப்ப நாம பாக்கற அடுக்கு பக்லாவா வளர்ந்தது ஆட்டோமன் அரண்மனை சமையல்கட்டுலன்னு சொல்றதுல நியாயம் இருக்கு. இஸ்தான்புல்ல ரமலான் 15ம் நாள் சுல்தான் தன்னோட ஜானிசரி படைக்கு தட்டு தட்டா பக்லாவா குடுப்பார், சிப்பாய்ங்க அதை ஊர்வலமா தூக்கிட்டு பேரக்ஸுக்குப் போவாங்க. 1826ல அந்தப் படையையே கலைச்சப்ப ஊர்வலமும் போச்சு. துருக்கியோட காஸியான்டெப் பக்லாவாவுக்கு 2013ல ஐரோப்பிய யூனியன் புவிசார் குறியீடு குடுத்துச்சு. ஆனா மெல்லிசான மாவுத்தாள்ல பருப்பை வெச்சு சுருட்டி பாகுல ஊற வைக்கற ஐடியா அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே பாக்தாத்ல இருந்துச்சு. 10ம் நூற்றாண்டுல இப்னு சய்யார் அல் வர்ராக் எழுதி வெச்ச சமையல் புத்தகத்துல லவ்ஸினஜ்னு ஒரு பாதாம் இனிப்பு வருது, அப்பாஸிய கலீஃபாக்கள் காலத்து பணக்கார வீட்டு ஐட்டம் அது. கரும்பு இந்தியாவுல இருந்து பாரசீகம் போய், அங்கேருந்து அரபுக்காரங்க கைக்கு வந்து, தென்மேற்கு ஈரான்லயும் அப்புறம் எகிப்துலயும் பெரிய அளவுல விளைய ஆரம்பிச்ச பிறகுதான் இந்த மாதிரி சர்க்கரைப் பலகாரத்துக்கெல்லாம் வழி பொறந்துச்சு. அதுக்கு முன்னாடி தேன், பேரீச்சைப் பாகு, இவ்வளவுதான். அந்தப் பேரீச்சைப் பாகு இன்னும் ஒழியல, கல்ஃப்ல ரமலான் நேரத்துல லுகைமாத்னு குண்டு குண்டா பொரிச்சு, மேல எள்ளு தூவி, சர்க்கரைப் பாகுக்குப் பதிலா அதைத்தான் ஊத்தித் தருவாங்க.

இப்ப குனாஃபாவுக்கு வருவோம். அந்த நூலை எப்படி பண்றாங்கன்னு பாத்தா கொஞ்ச நேரம் அங்கேயே நின்னுடுவீங்க. பெரிய வட்டமான உலோகத்தட்டு அடியில நெருப்போட சுத்திக்கிட்டே இருக்கும், மேல வரிசையா சின்னச் சின்ன ஓட்டை உள்ள பாத்திரம், அதுல இருந்து மைதாவும் தண்ணியும் கலந்த நீர்த்த மாவு கம்பி கம்பியா தட்டுல விழும். விழுந்த சில நொடிகள்ல காஞ்சு நூலாயிடும், ஆனா வெள்ளையாவே இருக்கும், சிவக்கவிட மாட்டாங்க. அதை ஒரே வாரா கையால அள்ளி எடுத்து சிக்கு விழாத முடிக்கத்தை மாதிரி மடிச்சு வெச்சிடுவாங்க. அதாவது நூல் ஏற்கனவே பாதி வெந்த பொருள். நம்ம ஊர்ல குனாஃபா ரெசிபின்னு போட்டு சேமியாவை வெச்சு பண்றாங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. சேமியா வேகாத மாவைப் பிழிஞ்சு காய வெச்சது, நெய்ல எவ்வளவு வறுத்தாலும் நடுவுல ஒரு கடினம் இருக்கும், இல்லன்னா ஈரம் பட்டதும் குழைஞ்சிடும். சாப்பிட நல்லாவே இருக்கும், இல்லைங்கல, ஆனா அது வேற பலகாரம்.

நூலை அப்படியே போட்டா அது கரடு வகை, கிஷ்னேம்பாங்க. நாப்லஸ்ல பேர் போனது நைஸ் வகை, நாஅமே. நூலை நெய் விட்டுப் பொடிச்சு ரவை பதத்துக்குக் கொண்டு வந்து தட்டுல அழுத்திப் பரப்பணும், அதுக்கு மேல சீஸ். இந்த நாபுல்ஸி சீஸ்தான் விஷயமே. செம்மறியாட்டுப் பால்லயும் வெள்ளாட்டுப் பால்லயும் பண்ற வெள்ளை சீஸ் அது, வசந்த காலத்துல புல் நல்லா இருக்கும்போது பால் நிறைய கிடைக்கும், அந்தப் பாலை வருஷம் பூரா வெச்சு சாப்பிடணும்னு கண்டுபிடிச்ச வழி. துண்டு துண்டா வெட்டி உப்புத் தண்ணில கொதிக்க வெச்சு, அந்த உப்புத் தண்ணிலேயே போட்டு அடைச்சு வெப்பாங்க. கொதிக்கும்போது மஹ்லப்பும் மஸ்திக்கும் போடுவாங்க. மஹ்லப்ங்கறது ஒரு வகை காட்டுச் செர்ரியோட கொட்டைக்குள்ள இருக்கற பருப்பு, மஸ்திக்ங்கறது மரத்துப் பிசின், கிரீஸ்ல கியோஸ் தீவுல இருந்து வர்றது. ரெண்டும் சேர்ந்தா வர்ற வாசனையை வேற எதோடயும் ஒப்பிட முடியல.

அந்த உப்பு சீஸை அப்படியே இனிப்புல போட முடியுமா? அதான் வேலை. மெல்லிசா சீவி, தண்ணில ஊறப்போட்டு, தண்ணியை மாத்தி மாத்தி, ராத்திரி பூரா வெச்சு உப்பை எடுக்கணும். முழுசா எடுக்கவும் கூடாது, கொஞ்சம் மிச்சம் இருந்தாத்தான் பாகுக்கு எதிரா நிக்கும். ஆக, கெடாம வெச்சிருந்த பொருளை ஒரு ராத்திரியில கெடக்கூடிய பொருளா மாத்திடறாங்க, அந்த நிமிஷத்துல இருந்து கடிகாரம் ஓட ஆரம்பிச்சிடும். தட்டை அடுப்பு மேல வெச்சு சுத்திக்கிட்டே இருப்பாங்க, ஒரு பக்கம் மட்டும் கருகாம அடி முழுக்க ஒரே சீரா சிவக்கணும்ல. அப்புறம் அதே அளவு இன்னொரு தட்டை மேல கவுத்து ஒரே திருப்பு, ஆரஞ்சு நிறத்துல அடிப்பக்கம் மேல வந்துடும் (அந்த ஆரஞ்சு நிறம் பெரும்பாலும் கலர் பொடி, நெய்ல வறுத்ததுக்கு அவ்வளவு நிறம் வராது), பாகை ஊத்தினா சொர்ர்னு சத்தம் வரும், பிஸ்தா பொடி தூவி தகட்டுக் கரண்டியால சதுரமா வெட்டிக் குடுப்பாங்க. பத்து நிமிஷத்துல சாப்பிட்டாகணும். ஆறிட்டா சீஸ் ரப்பர் மாதிரி இறுகிடும், திரும்ப சூடு பண்ணினா பழைய இழுவை வராது. அம்மான் டவுன்டவுன்ல 1951ல ஆரம்பிச்ச ஹபீபா கடை ஒரு சந்துக்குள்ள இருக்கு, ஜனங்க பேப்பர் தட்டை வாங்கிட்டு சந்துலயே நின்னுக்கிட்டே சாப்பிட்டு முடிச்சிடுவாங்க. உள்ள இடம் இல்லைங்கறது ஒரு காரணம், ஆனா இந்தப் பலகாரத்துக்கு அதான் முறையும் கூட. லெபனான்ல இன்னும் ஒரு படி மேல போய் இதை எள்ளு தூவின ரொட்டிக்குள்ள திணிச்சு காலை டிஃபனா சாப்பிடறாங்க, முதல் தடவை கேக்கும்போது என்னடா இதுன்னுதான் இருக்கும்.

வரலாற்றுல குனாஃபான்னு வர்ற எல்லாமே இந்த சீஸ் குனாஃபா இல்ல. உமய்யா கலீஃபா முஆவியாவுக்கு நோன்புல பசி தாங்கலன்னு வைத்தியர் எழுதிக் குடுத்த பலகாரம் இதுன்னு ஒரு கதை சுத்திக்கிட்டு இருக்கு, கதையா ரசிக்கலாம், ஆதாரம்னு கேக்காதீங்க. இடைக்கால சமையல் புத்தகங்கள்ல குனாஃபாங்கறது கல்லுல ஊத்தின மெல்லிசான ரொட்டி, அதைச் சீவித் தேன்லயோ பாகுலயோ போட்டு சாப்பிட்டாங்க. ஓட்டைப் பாத்திரமும் நூலும் பிற்பாடு வந்தது. ஆனா ஜனங்களுக்கு அது மேல இருந்த மோகம் பழசுதான். 1505ல இறந்த கெய்ரோ அறிஞர் ஜலாலுத்தீன் சுயூத்தி, குர்ஆன் விளக்கவுரையில இன்னைக்கும் மதரஸாக்கள்ல படிக்கற பேர், அவரே குனாஃபாவையும் கதாயிஃப்ங்கற இன்னொரு இனிப்பையும் பத்தின பாட்டு, துணுக்கையெல்லாம் தொகுத்து ஒரு குட்டிப் புத்தகம் போட்டிருக்கார்னா பாத்துக்கங்க. நம்ம காலத்துக்கு வந்தா, 2009 ஜூலைல நாப்லஸ்காரங்க பழைய நகரத்துல 75 மீட்டர் நீளத்துக்கு ஒரே குனாஃபா பண்ணாங்க, அப்ப பாலஸ்தீன் பிரதமரா இருந்த சலாம் ஃபய்யாத் வந்திருந்தார். ரெண்டாவது இன்டிஃபாதா, அதாவது இஸ்ரேலுக்கு எதிரா பாலஸ்தீனர்கள் பண்ணின எழுச்சி, அந்த சமயத்துல இஸ்ரேல் ராணுவம் செக்பாயிண்ட் போட்டு வருஷக்கணக்குல அடைஞ்சு கிடந்த ஊர் அது, வாங்க வாங்கன்னு வெளியாளுங்களைக் கூப்பிடறதுக்கு அவங்க கையில எடுத்தது இந்தத் தட்டைத்தான்.

இந்தப் பின்னணியில சாக்லேட்டைப் பாத்தா அதுல இருக்கற சாமர்த்தியம் புரியும். துபாய்ல ஃபிக்ஸ்னு ஒரு சின்ன கம்பெனி, சாரா ஹமூதாங்கறவங்க 2021ல ஆரம்பிச்சது. வறுத்த நூல், பிஸ்தா கிரீம், எள்ளு பேஸ்ட்டான தஹினி, வெளிய மில்க் சாக்லேட். நாலுமே கொழுப்பும் மொறுமொறுப்பும்தான், தண்ணி கிட்டத்தட்ட கிடையாது. தண்ணி இல்லாததாலதான் நூல் மாசக்கணக்குல மொறுமொறுன்னே இருக்கு, கொரியர்லயும் போகுது. அதாவது குனாஃபாவை பக்லாவா குடும்பத்துக்கு மாத்திட்டாங்க. 2023 டிசம்பர்ல ஒரு டிக்டாக் வீடியோ பிச்சுக்கிட்டுப் போச்சு, அப்புறம் உலகத்துல உள்ள எல்லா சாக்லேட் கம்பெனியும் காப்பி அடிச்சாங்க, அமெரிக்க பிஸ்தா விளைச்சலும் அந்த சமயம் பாத்து சுமாரா இருந்ததால பிஸ்தா பருப்பு விலை ஒரு வருஷத்துல பவுண்டுக்கு 7.65 டாலர்ல இருந்து 10.30 டாலர் வரைக்கும் ஏறிடுச்சுன்னு 2025ல செய்தி வந்துச்சு. பாவம், அலெப்போ, காஸியான்டெப் பக்கம் காலங்காலமா பிஸ்தாவை நம்பித் தொழில் பண்றவங்களுக்கு இந்த ரீல்ஸால என்ன லாபம்னு தெரியல.

டப்பாவுல வராத இன்னொரு கூட்டம் இருக்கு, அதெல்லாம் அஷ்டாவை வெச்சுப் பண்றது. எகிப்துல கிஷ்தாம்பாங்க. பாலை மெதுவா காய்ச்சி மேல படியற பாலாடையை எடுத்து எடுத்துச் சேர்த்தா அதான், கடைகள்ல இப்ப மாவு சேர்த்துக் கெட்டிப்படுத்தறதும் உண்டு. லெபனான்ல த்ரிபோலி ஊர்தான் இதுக்குத் தலைநகர், 1881ல இருந்து நடக்கற ஹல்லாப் கடை அங்கதான் இருக்கு. அங்க ஹலாவத் அல் ஜிப்ன்னு ஒண்ணு சாப்பிடணும், சீஸை சர்க்கரையும் ரவையும் போட்டு உருக்கி, மாவு மாதிரி ஆனதும் சூடு ஆறறதுக்குள்ள மெல்லிசா தேய்ச்சு, உள்ள அஷ்டா வெச்சு சுருட்டறது. சீஸையே சப்பாத்தி மாதிரி தேய்க்கறாங்கன்னு வெச்சுக்கங்களேன். இது எங்க ஊரோடதுன்னு சிரியால ஹமாவும் ஹோம்ஸும் அடிச்சுக்கறாங்க. ஃப்ரிட்ஜ்ல வெச்சா ஓரிரு நாள், அவ்வளவுதான் ஆயுசு.

கதாயிஃபுக்கு அதை விடக் கம்மி. என்னைக் கேட்டா மொத்த லிஸ்ட்லயும் இதான் முதல் இடம், பக்லாவா நாலு துண்டுக்கு மேல திகட்டுது, இது திகட்டறதே இல்ல. ஜோர்டான், பாலஸ்தீன், சிரியா, எகிப்துல ரமலான் மாசம் பொறந்தா தெருவுக்குத் தெரு கல்லைப் போட்டு ஈஸ்ட் மாவை சின்னச் சின்ன வட்டமா ஊத்துவாங்க. நம்ம ஆப்பம் போலவே ஒரு பக்கம் மட்டும்தான் வேகும், மேல்பக்கம் பூரா ஓட்டை ஓட்டையா ஈரமாவே இருக்கும், திருப்பிப் போட மாட்டாங்க. அந்த ஈரம் வேணும்னுதான் அப்படி விடறாங்க, உள்ள வால்நட்டும் பட்டைப் பொடியும், இல்லன்னா உப்பில்லாத சீஸோ வெச்சு பாதியா மடிச்சு ஓரத்தை அழுத்தினா தானா ஒட்டிக்கும், பசையே வேணாம். கிலோ கணக்குல வாங்கிட்டு துணி போட்டு மூடி வீட்டுக்கு ஓடணும், காத்துப் பட்டுக் காஞ்சிட்டா ஒட்டாது, எண்ணெய்ல போட்டதும் வாயைப் பொளந்துடும். நோன்பு திறந்து சாப்பாடு முடிஞ்சதும் பொரிச்சு, பாகுல ஒரு முக்கு முக்கி, சூட்டோட தட்டுக்கு வரும். சின்ன சைஸ்ல பொரிக்காம பாதி வாய் திறந்த மாதிரி மடிச்சு அஷ்டா வெச்சு பிஸ்தாவுல தொட்டுக் குடுக்கற வகையும் உண்டு. ரமலான் முடிஞ்சா கல்லை எடுத்துடுவாங்க, பெரும்பாலான இடத்துல வருஷத்துல மிச்ச மாசம் அதைத் தேடினாலும் கிடைக்காது.

மஅமூல்ங்கற பூரணம் வெச்ச பிஸ்கட் ஆயுசுல நடுவாந்தரம். ரவையை நெய்யோட பிசறி ஊற வெச்சு, பேரீச்சை, வால்நட், பிஸ்தா மூணுல ஒண்ணை உள்ள வெச்சு, செதுக்கின மர அச்சுல அழுத்தி, மேஜை ஓரத்துல டொக்னு ஒரு தட்டு தட்டினா வந்து விழும். எந்த பூரணத்துக்கு எந்த அச்சுன்னு கணக்கு இருக்கறதால கடிக்காமலே உள்ள என்னன்னு கண்டுபிடிச்சிடலாம். பெருநாளைக்கு முஸ்லிம் வீட்லயும், ஈஸ்டருக்கு கிறிஸ்தவ வீட்லயும் இதே மஅமூல்தான், அச்சு கூட அக்கம்பக்கத்துல இரவல் போகும். ஓமான் அல்வா தனி ரகம். ஸ்டார்ச், சர்க்கரை, நெய், குங்குமப்பூ, ஏலக்காய், பன்னீரைப் பெரிய செம்பு அண்டாவுல போட்டு மணிக்கணக்குல கிண்டறது, ஃப்ரிட்ஜ் இல்லாமலே மாசக்கணக்குல நிக்கும். கெடாத வகைங்கறதால அது நல்லா ஊர் சுத்தியிருக்கு. இலங்கை முஸ்லிம் வீடுகள்ல பண்ற மஸ்கட், நம்ம தூத்துக்குடி மாவட்டம் முதலூர்ல தேங்காய்ப்பால் ஊத்திக் கிண்டற மஸ்கோத் அல்வா ரெண்டுமே ஓமான் தலைநகர் மஸ்கட்டோட பேரைத்தான் சுமந்துக்கிட்டு இருக்குன்னு சொல்வாங்க.

கெட்டுப்போற ரகம் வெளிய போகணும்னா பண்றவங்க போயாகணும், அந்தக் காரியம் 2011க்குப் பிறகு நடந்துச்சு. சிரியால போர் ஆரம்பிச்சதும் டமாஸ்கஸ், அலெப்போ, ஹோம்ஸ்ல இருந்து ஸ்வீட் மாஸ்டருங்க அம்மான், கெய்ரோ, இஸ்தான்புல்னு சிதறிப் போனாங்க. பெர்லின்ல சோனனாலேன்னு ஒரு ரோடு இருக்கு, அங்க இப்ப சுடச்சுட சீஸ் குனாஃபாவும் அஷ்டா ஐட்டங்களும் வரிசையா கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கு. டமாஸ்கஸ் ஹமிதிய்யா சந்தையில 1895ல இருந்து மஸ்திக்கும் சஹ்லபும் (ஆர்கிட் கிழங்கு மாவு) போட்டு பெரிய மர உலக்கையால இடிச்சு இடிச்சு ஐஸ்கிரீம் பண்ற பக்தாஷ் கடை இருக்குல்ல, அந்த உலக்கை சத்தம் இப்ப அம்மான்லயும் கேக்குது.

நம்ம பக்கம் மாஸ்டர் வரல, ரெசிபி மட்டும்தான் வந்துச்சு. சென்னைல மந்திங்கற அரபு சோறு விக்கற கடைகள்ல குனாஃபா சர்வ சாதாரணமாயிடுச்சு, சீஸுக்கு பெரும்பாலும் மொஸரெல்லாதான். அது இழுபடும், ஃபோட்டோவுக்கு நல்லா வரும், ஆனா சுவை கம்மி, தண்ணி விடும். வீட்ல பண்றவங்க மொஸரெல்லாவோட கொஞ்சம் உப்புள்ள ஃபெட்டாவையோ, இல்லன்னா நல்லா பிழிஞ்ச பனீரையும் ஒரு சிட்டிகை உப்பையுமோ கலந்து பாருங்க, பாகோட அது மல்லுக்கட்டறது தெரியும். கடையில வாங்கறதா இருந்தா பார்சல் மட்டும் சொல்லிடாதீங்க. சிக்னல்ல நிக்கற நேரத்துலயே சீஸ் இறுகிடும், டப்பா மூடியில படியற ஆவி திரும்ப நூல் மேலயே சொட்டும்.